பாட்டும் பாடும்: வேலை நேரத்து இசை பற்றி வாசகர் கேள்விகள்

வேலை செய்யும்போது பாட்டு உதவுமா, உதவுமென்றால் எந்த ஆல்பம் என்று கேட்டுக் கொங்குப் பகுதி வாசகர்கள் எழுதியவற்றில் சில கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பனியன் கம்பெனி, தறிக்குடோன், தேங்காய்க் களம், லாரி, கம்ப்யூட்டர் என்று வேலை மாற மாறப் பதிலும் மாறுகிறது. எல்லாருக்கும் பொதுவாக ஒரே பட்டியல் ஏன் தர முடியாது என்பதை முதல் கடிதமே காட்டிவிடும்.

திருப்பூர் வாசகி: எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கறனுங்க. பையருக்கு மெயில் போடறது, காஸ்டிங் ஷீட், சாம்பிள் ஃபாலோ-அப் இதுதான் வேலை. எண்பதுகளோட இளையராஜா பாட்டு இல்லாம எனக்குப் பொழுதே போகாது. ஆனா ஒரே மெயிலை மூணு தடவை படிக்கிறேன். காஸ்டிங்ல துணி எடை 180 ஜி.எஸ்.எம்.முக்குப் பதிலா 160னு போட்டுடறேன். பாட்டை விட்டுத்தான் ஆகோணுமுங்களா?

பாட்டை விட வேண்டாம். அந்த இரண்டு வேலைகளின்போது மட்டும் பாட்டின் வரிகளை விட்டால் போதும்.

மெயில் எழுதும்போதும், ஒரு ஷீட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து இன்னொன்றில் அடிக்கும்போதும் மனசுக்குள் ஒரு குரல் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். "நூத்தி எண்பது, முப்பதாம் நம்பர் நூல்" என்று கை அடித்து முடிக்கும்வரை அந்தக் குரல்தான் எண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. பாட்டின் வரியும் அதே இடத்துக்குள்தான் நுழைகிறது. எண் வரிசைகளை நினைவில் வைக்கச் சொல்லி சலாமே, பேட்லி என்ற இரு உளவியலாளர்கள் 1989இல் வெளியிட்ட சோதனையில், குரலிசை கேட்டவர்கள் வாத்திய இசை கேட்டவர்களைவிட அதிகமாகத் தடுமாறினார்கள். உங்கள் 180 போய் 160 வந்ததும் அப்படித்தான். நன்றாகத் தெரிந்த பாட்டு என்றால் இன்னும் மோசம். அடுத்த வரி ஸ்பீக்கரில் வருவதற்கு முன்பே உங்கள் மனசு அதைப் பாடிவிடுகிறது.

இதற்காகப் பலர் சினிமாப் பாட்டுகளைக் கீபோர்டிலோ புல்லாங்குழலிலோ வாசித்த தொகுப்புகளுக்குப் போகிறார்கள். அதில் பயனில்லை. மெட்டு தெரிந்தால் வரி தானாக ஓடும். பின்னணி இசைத் தொகுப்பிலும் இதே சிக்கல், அங்கே வரிக்குப் பதில் காட்சி ஓடும்.

ராஜாவை விட முடியாது என்றால் அவருடைய இரண்டு வாத்திய ஆல்பங்கள் இருக்கின்றன. 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது, வயலின் வி.எஸ். நரசிம்மன். 1988இல் வந்த 'நத்திங் பட் விண்ட்' ஐந்தே உருப்படிகள் கொண்டது, புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. காஸ்டிங் ஷீட்டுக்கு இரண்டாவதே நல்லது. முதல் ஆல்பத்தில் ஒரு வயலின் சொன்னதை இன்னொன்று பிடித்துக்கொண்டு ஓடும். அந்தப் பின்னலை ரசிக்கத் தொடங்கினால் ஷீட் அப்படியே நிற்கும். அதனால் வீட்டில் இரண்டு மூன்று தடவை முழுதாகக் கேட்டு, ஆச்சரியம் அடங்கிய பிறகு ஆபீசுக்குக் கொண்டு போங்கள். எந்த ஆல்பத்தையும் முதல் தடவை வேலை நேரத்தில் கேட்கக் கூடாது.

சாம்பிளுக்கு டேக் கட்டுவது, துணித்துண்டு ஒட்டுவது, கூரியர் கவர் பிரிப்பது போன்ற வேலைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எண்பதுகள் தாராளமாக ஓடட்டும். காலையில் உட்காரும் முன் பிடித்த பாட்டு இரண்டு கேட்பதும் நல்லதே. மனசு கிளம்ப அது உதவும். மெயிலைத் திறக்கும்போது நிறுத்திவிடுங்கள்.

கோவை, சரவணம்பட்டி வாசகர்: சாஃப்ட்வேர் வேலைங்க. பெரிய ஹாலு, பக்கத்து டீம் எந்நேரமும் கால்ல பேசிட்டே இருப்பாங்க. லோ-ஃபை போட்டேன், மத்தியானத்துக்கு மேல தூக்கம்தான் வருது. உருப்படியா நாலு ஆல்பம் சொல்லுங்க.

லோ-ஃபை என்னும் மெல்லிய பின்னணி இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 70 முதல் 90 தட்டு வேகத்தில் இருக்கும். கூரான ஒலிகளை மழுக்கி, நாலு வரிசை இசையையே திருப்பித் திருப்பி ஓட்டுவார்கள். காலையில் இது தொந்தரவு செய்யாது. ஆனால் தொடக்கமும் முடிவும் இல்லாததால் நேரம் போவதே தெரியாது. சாப்பிட்டு வந்தபின் தாலாட்டாகிவிடும்.

பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை க்ளென் கூல்ட் பியானோவில் இரண்டு முறை பதிவு செய்தார். 1955 பதிவு சுமார் 38 நிமிடம், 1981 பதிவு சுமார் 51 நிமிடம். ஆரியா என்னும் தொடக்க உருப்படி ஒன்று, 30 மாறுபாடுகள், கடைசியில் அதே ஆரியா என்பது அமைப்பு. ஆரியா திரும்பி வந்ததும் எழுந்து தண்ணீர் குடிக்கலாம், கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. புதிதாகப் புரோகிராம் எழுதும்போது 1955 பதிவின் ஓட்டம் கைக்கு இசைவாக இருக்கும். கூல்ட் வாசித்துக்கொண்டே முனகுவார். அது உறுத்துகிறவர்களுக்கு இந்த ஆல்பம் சரிவராது.

ஸ்டீவ் ரைக்கின் 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்' 1978இல் வந்தது, 56 நிமிடம், இடைவெளியே இல்லாத துடிப்பு. மத்தியானத் தூக்கத்துக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். பியானோ, மரிம்பா, சைலோஃபோன், வார்த்தை இல்லாத குரல் எல்லாம் சேர்ந்து ஒலி அடர்த்தியாக இருப்பதால், பக்கத்து டீமின் பேச்சை இது நன்றாக மூடும்.

பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' கூட 1978தான். வெவ்வேறு நீளமுள்ள டேப் சுருள்களைச் சுற்றவிட்டுக் கட்டிய நாலு உருப்படிகள். கவனித்தால் கேட்கும்படி இருக்கும், கவனிக்காவிட்டால் இருப்பதே தெரியாது. பிழை தேடும்போது, பெரிய ஆவணம் படிக்கும்போது இதை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் உங்கள் ஹாலில் இது எடுபடாது. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே உள்ள மௌனத்தில் பக்கத்து டீமின் கால் முழுசாகக் கேட்கும். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959, சுமார் 45 நிமிடம்) அருமையான ஆல்பம். வேலைக்கென்று வரும்போது மட்டும் நாலாவது இடம். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஆள் பேசுவதுபோலப் பேசும். காது அந்தப் பக்கம் திரும்பிவிடும். மாலையில் முடிந்த வேலைகளின் டிக்கெட்டை மூடுவது, மெயில் ஒதுக்குவது போன்ற வேலைக்குப் பொருந்தும். நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனியின் 30ஆம் தெரு ஸ்டுடியோவில்தான் இதுவும் கூல்டின் கோல்ட்பெர்க்கும் பதிவாயின. பழைய தேவாலயம் ஒன்றை ஸ்டுடியோவாக்கிய இடம். இரண்டிலும் கேட்கும் விசாலமான ஒலிக்கு அந்த உயரமான கூரைக்கும் பங்குண்டு.

இரைச்சல் நீக்கும் ஹெட்போன் ஏ.சி. உறுமலையும் பஸ் எஞ்சினையும் நன்றாக அடக்கும், மனிதப் பேச்சை அந்த அளவு அடக்காது. பேச்சுக்குக் காது முழுக்க மூடும் மாடலும் மேலே சொன்ன அடர்த்தியான இசையும் சேர வேண்டும்.

பல்லடம் பக்கத்து வாசகர்: எட்டுத் தறி பாத்துக்கறனுங்க, பன்னண்டு மணி நேர ஷிப்ட். தறிச் சத்தத்துல பாட்டுக் கேக்கோணும்னா இயர்பட்ஸ்ல சவுண்டு முழுசா வெக்க வேண்டியிருக்குது. எந்தப் பாட்டு நல்லாக் கேக்குமுங்க?

எந்தப் பாட்டும் வேண்டாமுங்க. இதை முகத்துக்கு நேராகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாடாத் தறிக்குடோனில் சத்தம் 90 டெசிபெல்லைத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்கு நம் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் உச்சவரம்பே 90தான், நீங்கள் நிற்பது பன்னிரண்டு மணி நேரம். அதற்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமானால் பாட்டு தறியைவிடச் சத்தமாக இருந்தாக வேண்டும். இயர்போனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 83க்கு 20 மணி, 86க்கு 10, 89க்கு 5, 92க்கு இரண்டரை, 95க்கு ஒண்ணேகால் மணி நேரம். உங்கள் ஒரு வாரக் கணக்கு முதல் நாள் டீ நேரத்துக்குள் தீர்ந்துவிடும்.

காது ஒரேயடியாகப் போகாது. முதலில் கூரான ஒலிகள் போகும். பெண்கள், குழந்தைகள் பேசுவது சத்தமாகக் கேட்டாலும் சொல் பிடிபடாது. ராத்திரி படுத்தால் காதுக்குள் இரைச்சல் கேட்கும். அப்படிப் போன கேள்வி திரும்ப வராது.

தொழிலுக்கும் இது ஆகாது. பாவு அறுந்ததையும், நாடா சரியாகப் போய்ச் சேராததையும் பழகின காது தறிச் சத்தத்தின் மாற்றத்திலேயே பிடித்துவிடும். பாட்டு அதை மூடினால் மீட்டர் கணக்கில் துணி பழுதாகும்.

இயர்பட்ஸுக்குப் பதில் மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் வாங்குங்கள். சுத்தமான விரலால் மெல்லிய குச்சிபோல உருட்டி, எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் சரியாக அடைக்கவில்லை என்று பொருள். ஒழுங்காகப் போட்டால் 20 டெசிபெல் அளவுக்குக் குறையும், தறியின் சத்த மாற்றம் அப்போதும் தெரியும். பாட்டை ஷிப்ட் முடிந்து, காதுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு, வீட்டில் சின்னச் சத்தத்தில் கேளுங்கள்.

ஈரோடு வாசகர்: அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்தித் தர்றேன். கர்நாடக சங்கீதம் நெம்பப் பிடிக்கும். முழுக் கச்சேரி போட்டா மிருதங்கத் தனி ஆவர்த்தனம் வர்றப்ப பேனா தானா நின்னுடுது. எதைக் கேட்டா வேலையும் நடக்கும்?

மெய்ப்பு முழுக்க முழுக்கச் சொல் வேலை. அதனால் வாய்ப்பாட்டு வேண்டாம். வாத்தியக் கச்சேரியிலும் கிருதி, அதாவது கீர்த்தனை, வேண்டாம். நம் வாத்தியக்காரர்கள் சாகித்யத்தை, அதாவது பாட்டின் சொற்களை, மனதில் வைத்துத்தான் வாசிக்கிறார்கள். கீர்த்தனை தெரிந்த உங்களுக்கு வயலின் வில் திரும்பும் இடமெல்லாம் சொல்லாகவே கேட்கும்.

ராகத்தை மட்டும் விரிக்கும் ஆலாபனையையும் அதையடுத்து வரும் தானத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆலாபனையில் தாளமும் இல்லை, சொல்லும் இல்லை. தானத்தில் தாள வட்டம் கிடையாது, துடிப்பு மட்டும் உண்டு. தாளம் தொடங்கும் அடுத்த சமம் எங்கே என்று மனசு எண்ணிக்கொண்டு காத்திருக்காது. வரி வரியாகக் கண் நகரும் வேலைக்கு வீணைத் தானத்தைவிடப் பொருத்தமானது கர்நாடக சங்கீதத்தில் வேறில்லை என்பது எங்கள் துணிபு. வீணை எஸ். பாலசந்தரின் நீண்ட ஆலாபனைப் பதிவுகளில் தொடங்குங்கள். ஒரு தந்தியை இழுத்து அவர் கொண்டுவரும் கமகம் என்னும் ஸ்வர அசைவு மெதுவாக விரிவதால் திடுக்கென்று எதுவும் நடக்காது.

ராகம் தானம் பல்லவிப் பதிவு கிடைத்தால், ஆடியோவை வெட்டும் இலவசச் செயலி எதிலாவது ராகம், தானம் இரண்டையும் தனிக் கோப்பாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பல்லவியும் தனியும் இன்னொரு ஃபோல்டரில் இருக்கட்டும். தனி ஆவர்த்தனத்தில் பேனா நிற்பது உங்கள் குற்றமில்லை. கேட்பவர் கணக்குப் போட்டுக்கொண்டே வர வேண்டும் என்பதற்காகவே வாசிக்கப்படும் பகுதி அது. மேடைப் பதிவில் கைதட்டலும் அறிவிப்பும் குறுக்கிடும். ஸ்டுடியோப் பதிவாகப் பார்த்து எடுங்கள்.

இந்துஸ்தானியில் ஆலாப், ஜோட், ஜாலா என்று படிப்படியாக வேகம் ஏறும். நீண்ட படிவங்களுக்கு இந்த ஏற்றம் துணை. 1967இல் வந்த 'கால் ஆஃப் தி வேலி' ஆல்பம் சிவகுமார் சர்மாவின் சந்தூர், சௌராசியாவின் குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிட்டார் சேர்ந்தது. காஷ்மீர் இடையன் ஒருவனின் ஒரு நாளை, விடியலிலிருந்து இரவு வரை, ராகங்களாக அடுக்கியிருப்பார்கள். பரபரப்பு இல்லாத இசை, மெய்ப்புக்குத் தாங்கும். மாண்டலின் ஸ்ரீநிவாஸின் வேகமும் லால்குடியின் தில்லானாக்களும் மனசைத் தூக்கிவிடும். ஆனால் மெய்ப்புக்கு அல்ல, திருத்தத்தை ஏற்றிப் பக்கம் அடுக்கும்போது. நாகஸ்வரம் கோயில் வெளியிலும் வீதியிலும் ஒலிக்கப் பிறந்தது. சின்ன அறையில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பதில் அதன் அழகு பாதி போய்விடும்.

நாமக்கல் வாசகி: பையன் நீட்டுக்குப் படிக்கறானுங்க. மொசார்ட் கேட்டா மூளை வளரும்னு சொல்றாங்களே, ராத்திரி படிக்கறப்ப போட்டு விடலாமுங்களா?

வளராதுங்க. 1993இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறு ஆய்வுதான் இந்தப் பேச்சுக்கெல்லாம் மூலம். கல்லூரி மாணவர்கள் 36 பேர் மொசார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டா ஒன்றைப் பத்து நிமிடம் கேட்டபின், காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது போன்ற கேள்விகளில் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் வாங்கினார்கள். அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தது. பிறகு வந்த சோதனைகளில், பிடித்த எதைக் கேட்டாலும் உற்சாகத்தால் அதே அளவு பலன் கிடைப்பதும் தெரிந்தது.

உயிரியல் பெயர்களை மனப்பாடம் செய்யும்போது எந்த இசையும் வேண்டாம். இயற்பியல் கணக்குகளைப் பயிற்சிக்காகப் போடும்போது வாத்திய இசை மெல்ல ஓடலாம். மாதிரித் தேர்வு எழுதும் நாளில் அதுவும் கூடாது. தேர்வறையில் மூன்று மணி நேரம் நிசப்தத்தில் உட்கார வேண்டும், அதற்கும் பழக்கம் வேண்டுமல்லவா? இடைவேளையில் அவனுக்குப் பிடித்த சினிமாப் பாட்டையே கேட்கட்டும். அதைப் பிடுங்கிவிட்டு மொசார்ட்டைத் திணிக்காதீர்கள்.

திருப்பூர், மங்கலம் ரோடு வாசகர்: 40 மெஷின் போட்டுத் தையல் யூனிட் நடத்தறேன். ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர் எல்லாம் ஒரே ஹாலு. நாள் முழுக்க எஃப்.எம். ஓடுது, ஆனா சாயங்காலம் ஆளுக சோந்து போறாங்க. எப்படிப் போட்டா நல்லதுங்க?

நாள் முழுக்க ஓடுவதுதான் தவறு. ஓடிக்கொண்டே இருக்கும் பாட்டை ஒரு மணி நேரத்தில் காது கணக்கிலேயே எடுக்காது. சத்தம் மட்டும் மிஞ்சும்.

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது 1940 ஜூனில், தொழிற்சாலை ஆட்களுக்காக பி.பி.சி. 'மியூசிக் வைல் யூ வொர்க்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கி 1967 வரை நடத்தியது. காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம், பேச்சு இல்லாமல் இடைவிடாத இசை. சோர்வு தலைகாட்டும் நேரம் பார்த்துப் போடுவார்கள். கைதட்டல் வரும் ஓர் அமெரிக்கப் பாட்டை நிகழ்ச்சியில் சேர்க்கவே விடவில்லை. ஆட்கள் வேலையை விட்டுக் கைதட்டத் தொடங்கிவிடுவார்கள் என்பதே காரணம். பின்னாளில் அமெரிக்காவின் மியூசாக் நிறுவனம், பதினைந்து நிமிடம் மெல்ல மெல்ல விறுவிறுப்பு ஏறும் இசை, அடுத்த பதினைந்து நிமிடம் மௌனம் என்று மாற்றி மாற்றி விற்றது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: மௌனம் இருந்தால்தான் பாட்டு வேலை செய்யும்.

காலை எட்டரைக்குத் தொடங்கி ஒன்றரை ஷிப்ட் ஓடும் யூனிட்டென்றால், பத்தேகாலுக்கு அரை மணி, பன்னிரண்டுக்கு அரை மணி, மூன்றுக்கு அரை மணி, ஆறரைக்கு முக்கால் மணி போதும். கடைசிப் பகுதிக்குத்தான் நல்ல பாட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். எஃப்.எம்.மை விட்டுவிடுங்கள். விளம்பரமும் பேச்சும்தான் அதில் பாதி. வள்ளி கும்மிப் பாட்டு இப்போது நம் பக்கம் எல்லா ஊரிலும் கேட்கிறது, ஆளுகளும் கேட்பார்கள். டீ நேரத்துக்கு அது பிரமாதம். ஊசிக்குக் கீழே கை இருக்கும்போது வேண்டாம், பி.பி.சி.க்காரர்கள் பயந்த அதே காரணம்தான். ஒடிசா, பீகார் ஆளுகள் இருந்தால் நாலு பகுதியில் ஒன்று அவர்கள் பாட்டாக இருக்கட்டும். அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

மூலையில் ஒரே ஒரு பெரிய பெட்டி வைத்தால் பக்கத்து மெஷின்காரருக்குக் காது கிழியும், கடைசி மெஷினுக்குக் கேட்காது. ஆறு அல்லது எட்டுச் சின்ன ஸ்பீக்கர்களை லைனுக்கு மேலே தொங்கவிட்டு, சத்தத்தைக் குறைத்து வையுங்கள். ஒரு கை தூரத்தில் இருப்பவர் கத்தாமல் பேசினால் கேட்க வேண்டும், அதுதான் அளவு. செக்கிங் டேபிளுக்கும் கட்டிங்குக்கும் ஸ்பீக்கர் வேண்டாம். செக்கிங்கில் எண்ணிக்கை ஓடும், கட்டிங்கில் துணி வெட்டும் பேண்ட் நைஃப் ஓடும்.

வேகமான பாட்டுப் போட்டால் பீஸ் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெட்டிய துணிக் கட்டு நேரத்துக்கு வந்து சேராவிட்டால் எந்தப் பாட்டும் தைக்காது.

வெள்ளகோவில் வாசகர்: தேங்காய்க் களம் வெச்சிருக்கறனுங்க. பெரியவங்க அண்ணன்மார் கதை உடுக்கைப் பாட்டுப் போடச் சொல்றாங்க, சின்னப் புள்ளைக சினிமாப் பாட்டுங்கறாங்க. வேலைக்கு எது நல்லது?

பெரியவர்கள் பக்கமே எங்கள் ஓட்டு. பருப்புத் தரம் பிரிப்பது, காய்ந்ததைத் திருப்பிப் போடுவது, தொட்டியிலிருந்து பருப்பு எடுப்பது எல்லாம் கைக்குப் பழகின வேலை. மனசு சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் மனசு எப்போது மணி ஆகும் என்றுதான் பார்க்கும். அதற்குக் கதை கொடுத்தால் நாலு மணி நேரம் நகரும். மெர்ச்சண்டைசருக்குச் சொல் இடைஞ்சல் என்றோம், களத்தில் சொல்தான் துணை. கிணற்றில் ஏற்றம் இறைத்த காலத்தில் சால் எண்ணிக்கையையே பாட்டாகக் கட்டிப் பாடினார்கள். களைப்பும் தெரியாது, கணக்கும் தப்பாது.

அண்ணன்மார் கதை, அதாவது பொன்னர், சங்கர், தங்காள் கதை, பல இரவுகள் பாடும் நீளம் கொண்டது. 1960களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் உங்களுக்குப் பக்கத்திலே, காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கி இதை ஒலிப்பதிவு செய்தார். கேசட்டில் வந்த பதிவுகளும் கைமாறிக் கைமாறிச் செல்போன் வரை வந்திருக்கின்றன. கேசட்டின் ஒரு பக்கம் 30 அல்லது 45 நிமிடம். ஒரு பக்கம் முடிந்ததும் ஐந்து நிமிடம் எழுந்து நடக்கச் சொல்லுங்கள், குத்தவைத்த இடுப்புக்கு நல்லது.

போடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வசனம் மெல்ல வரும், உடுக்கை திடீரென்று ஓங்கும். வசனத்துக்கு அளவு வைத்தால் உடுக்கை காதில் அறையும். ஸ்பீக்கரில் ஈக்வலைசர் இருந்தால் அடித்தொனியையும் கூர்த்தொனியையும் குறைத்து நடுத்தொனியை மட்டும் ஏற்றுங்கள். குரல் தெளியும், கேசட் இரைச்சலும் அடங்கும். மட்டை உரிக்கும் பாரைக்குப் பக்கத்திலும் அரிவாளால் காய் உடைக்கும் இடத்திலும் எதுவும் போடக் கூடாது. அண்ணன்மார் போர்க்களத்தில் மடியும் படுகளம் வரும் பகுதியைச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒதுக்குங்கள். அந்த இடத்தில் அழுகிறவர்கள் உண்டு, அருள் வருகிறவர்களும் உண்டு.

சின்னவர்களுக்கு மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் சினிமாப் பாட்டு.

சங்ககிரி வாசகர்: ராத்திரி லாரி ஓட்டறப்ப தூக்கம் வராம இருக்க எந்தப் பாட்டுப் போடறது?

தூக்கத்தைப் பாட்டு தள்ளிப்போடாது. தள்ளிப்போட்டதுபோல் காட்டும், அதுதான் ஆபத்து. விடியற்காலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே உடம்பே தூங்கத்தான் பார்க்கும். கண் சொக்கினால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, ஒரு டீ குடித்துவிட்டு உடனே பதினைந்து, இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். எழும்போது டீயின் வீரியம் ஏறத் தொடங்கியிருக்கும். தூக்கம் இல்லாத வெறும் அலுப்புக்குப் பாட்டு நல்லது. கூடவே பாட வருகிற பாட்டாகப் போடுங்கள், வாய் அசைந்தால் அலுப்பு குறையும். பின்னால் வருகிறவன் ஹார்ன் கேட்கும் அளவுக்கு மேல் சத்தம் போகக் கூடாது. இயர்போன் கூடவே கூடாது.

பொள்ளாச்சி வாசகி: ஒரே ஆல்பத்தைத் தினமும் கேட்டாச் சலிக்காதுங்களா?

கொஞ்சம் சலிக்க வேண்டும், அதுதான் தேவை. சலித்த ஆல்பம் கவனத்தைக் கேட்காது. நாலு ஆல்பம் வைத்துக்கொண்டு வேலைக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள்: கணக்குக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று. சில வாரங்களில் முதல் ஸ்வரம் கேட்டதுமே கை அந்த வேலையைத் தேடும். எரிச்சல் வரும் அளவுக்குச் சலித்தால் அதை ஒரு மாதம் ஒதுக்கி வையுங்கள். வேலைக்கென்று வைத்த ஆல்பத்தை வீட்டு வேலைக்கும் தூங்கவும் போடாதீர்கள், பழக்கம் கலைந்துவிடும்.

கோபி வாசகர்: யூடியூப்ல போட்டா நடுவுல விளம்பரம் கத்துது. அது முடிஞ்சா சம்பந்தமில்லாத வேற பாட்டுக்குப் போயிடுது. ஒரு தடவை போட்டா கையே வைக்காம ஓடற மாதிரி எப்படி அமைக்கறதுங்க?

ஆல்பத்தை விலைக்கு வாங்கியோ, சந்தா கட்டிய செயலியில் இறக்கியோ போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3 என்றால் நிமிடத்துக்கு 2.4 எம்.பி. பிடிக்கும். 45 நிமிட ஆல்பம் சுமார் 108 எம்.பி. ஒரு 32 ஜி.பி. மெமரி கார்டில் 250 ஆல்பத்துக்கு மேல் அடங்கும், உங்களுக்குப் பத்து போதும்.

பிறகு செட்டிங்ஸ். ஷஃபிளை அணையுங்கள், ஆல்பத்தின் வரிசை கலைந்தால் நீளக் கணக்கும் போய்விடும். ஆட்டோபிளேயை அணையுங்கள், ஆல்பம் முடிந்ததும் மௌனம் வர வேண்டும். 'கேப்லெஸ்' என்று இருப்பதை இயக்குங்கள், இல்லையென்றால் தொடர்ந்து ஓடும் உருப்படிகளுக்கு நடுவே அரை விநாடி வெட்டு விழும். 'கிராஸ்ஃபேடு' சுழியத்தில் இருக்கட்டும், அது ஒரு ராகத்தின் வாலை இன்னொரு ராகத்தின் தலையில் ஒட்டிவிடும். சத்தத்தைச் சமமாக்கும் 'நார்மலைசேஷன்' இருந்தால் 'ஆல்பம்' முறையில் வையுங்கள். 'டிராக்' முறையில் வைத்தால் மெல்லிய உருப்படியையும் ஓங்கிய உருப்படியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஏற்ற இறக்கத்தைக் கெடுக்கும்.

கோப்புகள் எழுத்து வரிசையில் ஓடி முறை மாறினால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் சில செயலிகளில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

கடைசியாக, போனை ஏரோபிளேன் மோடில் போட்டுப் புளூடூத்தை மட்டும் திரும்ப இயக்குங்கள். போன் வந்தே ஆக வேண்டிய தொழிலென்றால் 'டு நாட் டிஸ்டர்ப்' வைத்து, வீட்டு நம்பரையும் முதலாளி நம்பரையும் மட்டும் விதிவிலக்கில் சேருங்கள். வாட்ஸ்அப் 'டிங்' சத்தம் வரும்போதெல்லாம் பாட்டு ஒரு விநாடி அடங்கி எழுந்தால், இவ்வளவும் செய்து பலனில்லை.